பட்டைக்குழித் தண்ணீர்

மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று இருபது ரூபாய். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு என் மனைவி சலோமியின் செல்போனில் வந்து நின்ற எண் இது. கம்பெனிக்கு நாங்கள் கட்டவேண்டிய பாக்கி. முந்தின நாள் இதைவிட இருநூற்றுத் தொண்ணூறு குறைவு. மறுநாள் இருநூற்றுத் தொண்ணூறு கூடுதல்.

வீடு கட்டவோ மகள் கல்யாணத்துக்கோ வாங்கிய கடன் இல்லை. வட்டியும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு நாங்கள் தரவேண்டிய நாள் வாடகை அது.

ஆலங்கரையில் பாலாற்றை ஒட்டி ஒரு பெரிய தோல் ஷாப்பு இருந்தது. நான் அதில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். ஆரம்பத்தில் பட்டைக்குழி. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறப்போட்டு மாதக்கணக்கில் புரட்டுகிற வேலை. பிறகு பட்டைக்குப் பதில் குரோம் என்ற ரசாயனம் வந்தது. மாதக்கணக்கு வேலை ஒரு நாளில் முடிந்தது. பட்டைக்குழிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். ஷாப்பை மூடிக்கொண்டு முதலாளி போனபோது இருபத்தைந்து ஏக்கர் மஞ்சள் மண்ணையும் மஞ்சள் கிணறுகளையும் எங்களுக்கு விட்டுப் போனார். என் கைகளில் குரோம் புண் ஆறிய குழிகள் இன்னும் இருக்கின்றன. மூக்கின் நடுச்சுவரில் அதே குரோம் போட்ட ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு பக்கம் விட்ட விரல் மறுபக்கம் தெரியும். பேத்தி பார்த்துச் சிரிப்பாள்.

ஷாப்பு மூடிப் பதிமூன்று வருடம் கழித்து அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. அந்த நிலத்தை நாற்பத்தொரு பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் அறுபது சென்ட். பழைய தொழிலாளி குடும்பத்துக்கு ஒரு பாத்தி. மூன்று வருடத்துக்குள் பாத்திக் கிணற்றில் விஷத்தின் அளவைக் குடிநீர் அளவுக்குக் கீழே இறக்கிவிட்டால் பட்டா அவர்களுக்கே. இறக்கும் வழியை, இப்போது எங்களிடம் பாக்கி கேட்கும் அந்தத் தனியார் கம்பெனி கொண்டுவந்தது.

எனக்கு வந்தது இருபத்தேழாம் பாத்தி. என் அப்பாவுக்கும் அவர் அப்பாவுக்கும் புதைக்கிற இடத்தைத் தவிர மண் என்று ஒன்று இருந்ததில்லை.

கம்பெனியிலிருந்து வந்த பையன் பெயர் பிரசன்னா. கோயம்புத்தூர்ப் பக்கம். முப்பது வயதிருக்கும். இருபது லிட்டர் கேன் ஒன்றைத் தூக்கிவந்து என் பாத்தியில் கட்டியிருந்த தொட்டியின் ஓரத்தில் வைத்தான். உள்ளே கலங்கல் தண்ணீர்.

"இதாங்கண்ணா மூலவித்து. இதுக்குள்ள கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்குதுங்க."

அடுத்த பாத்திக்காரி ரமீஜா வரப்பில் நின்று எட்டிப் பார்த்தாள். ஷாப்பில் அவள் தோலுக்கு உப்புத் தட்டும் வேலை பார்த்தவள். வாய் அதிகம்.

"கோடியா? பாத்தா மாட்டுக்குக் கலக்குன கழனித்தண்ணி மாரி கீது. இது இன்னா பண்ணும், விஷத்தக் குடிச்சிட்டுச் சாவுமா?"

"சாகாதுங்கக்கா. குரோம்ல ரெண்டு ஜாதி இருக்குதுங்க. மஞ்சள் குரோம் தண்ணியோட ஓடும். கிணத்துக்குப் போகும், உடம்புக்குள்ள போகும். அதுதான் விஷம். பச்சை குரோம் ஓடாது. சேறா அடியில உட்காந்துக்கும். இந்தக் கிருமி மஞ்சளைப் பச்சையா மாத்திடும். நீங்க கிணத்துத் தண்ணிய இந்தத் தொட்டிக்கு ஏத்தி, வித்தைப் போட்டு, கரும்புப் பாகுக் கழிவைத் தீனியாக் கொடுத்து, தெளிஞ்சதும் மறுபடி நிலத்துக்குள்ள விடறீங்க. சேத்தை நாங்க அள்ளிட்டுப் போறோம். அவ்வளவுதானுங்க."

"ஓடிகினு கீறவன உக்கார வெக்கிது. எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு கேன் குடு."

பிரசன்னா சிரித்துவிட்டான். பிறகு ஒப்பந்தத்தை எடுத்தான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது நாற்பத்தாறு வயதில்தான். எனக்கு வேகமாகப் படிக்க வராது. அதனால் எதையும் விட்டுப் படிக்கவும் வராது. பதினான்கு பக்கத்தையும் அன்று மாலைக்குள் படித்தேன். அவன் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தான்.

கேன் இலவசம். மூலவித்து நிலத்தில் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய் வாடகை. அதையும் உடனே கட்ட வேண்டாம், பட்டா வரும்போது கட்டினால் போதும். வாடகை தீரும்வரை பட்டா கம்பெனி கையில் இருக்கும். இரண்டாவது கேன் வேண்டுமென்றால் நாற்பதாயிரம். வித்தைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. ஒன்பதாவது விதி: கம்பெனி லாரி கொண்டுவரும் சுத்தத் தண்ணீரில்தான் வித்தைக் கரைக்க வேண்டும். வேறு தண்ணீர் கலந்து வித்து செத்தால் பாத்தி கம்பெனிக்குப் போய்விடும்.

உயிரோடு இருக்கும் நாளுக்கு மட்டும்தான் வாடகை என்பது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. செத்த மாட்டுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை அல்லவா. நாற்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

லாரித் தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. கேனைத் திறந்து கவிழ்க்கப் போனேன். கை நின்றுவிட்டது.

பட்டைக்குழியில் வேலை பார்த்தவனுக்கு ஒன்று தெரியும். புதுத் தோலைப் புதுத் தண்ணீரில் போடக் கூடாது. போட்டால் மேல்தோல் சுட்டுச் சுருங்கிவிடும், உள்ளே சாறு இறங்காது. முதலில் பல தோல்களைப் பார்த்துச் சலித்த பழைய தண்ணீரில் போட வேண்டும். அங்கே பழகிய பிறகுதான் அடுத்த குழி. பழைய தண்ணீரைக் கொட்டியவனுக்கு எங்கள் மேஸ்திரி அரைநாள் கூலியைப் பிடிப்பார். இருபது வயதில் என் கையில் ஏறிய பாடம் அது.

இந்தக் கேனில் இருப்பதும் ஏதோ ஓர் உயிர்தானே, எங்கிருந்தோ வந்திருக்கிறது, இந்த மண் அதற்குப் பழக வேண்டாமா என்று தோன்றியது. என் பாத்தியின் பின்கோடியில்தான் அந்தப் பழைய பட்டைக்குழிகள் இருந்தன. மழைத்தண்ணீரும் மஞ்சள் ஊற்றும் கலந்து, அடியில் பட்டைச் சக்கை மக்கி, டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. நான்கு பக்கெட் மொண்டு வந்து தொட்டியில் ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் வித்தைக் கவிழ்த்தேன்.

ஒன்பதாவது விதி எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அதை எழுதியவர்கள் தோல் வேலை தெரியாதவர்கள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் எவ்வளவு பெரிய திமிர் அது என்று தெரிகிறது.

ஒரு வாரம் தொட்டியில் அசைவே இல்லை. பிரசன்னா ஏழாம் நாள் வந்து மாதிரிக் குழாயில் தண்ணீர் பிடித்து, என் கையெழுத்தோடு முத்திரை வைத்து எடுத்துப் போனான். இரண்டு குழாய். ஒன்று கம்பெனிக்கு, ஒன்று அரசாங்க ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டிக்கு. ஆறு வாரம் வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று. அவன் பார்த்ததெல்லாம் குரோம் எண்ணை மட்டும்தான். நாற்பத்தெட்டில் அது அசையாமல் நின்றது. பாத்தியைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூன்றாம் வாரம் தொட்டியின் ஓரத்தில் வழவழவென்று பாசி மாதிரி ஏதோ பிடித்தது. ஒரு புளித்த வாசம் வந்தது. எண் முப்பத்தொன்று ஆனது. அடுத்த மாதம் பத்தொன்பது.

அப்போதுதான் ரமீஜா வரப்புக்கு வந்தாள். அவள் தொட்டியில் முதல் மாதம் கொஞ்சம் இறங்கிய எண் மறுபடி ஏறிவிட்டது. நாற்பதாயிரத்துக்கு அவள் எங்கே போவாள்? கையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் இருந்தது.

"ண்ணா, உன் தொட்டி தண்ணி ஒரு பக்கெட் குடு."

"குடுக்கக் கூடாதுன்னு எழுதிகீது ரமீஜா."

"பாலுக்கு உறை மோர் கேட்டா குடுக்க மாட்டியா? அதுமாரி நெனச்சிக்கோ. எழுதனவன் இன்னா தொட்டில வந்து எட்டிப் பாக்கப் போறானா?"

கொடுத்தேன். பத்து நாளில் அவள் தொட்டியும் புளித்தது. அவளிடமிருந்து அடுத்த பாத்திக்குப் போனது. அங்கிருந்து இன்னொன்று. ஒரு வருடத்துக்குள் நாற்பத்தொரு தொட்டியிலும் என் தொட்டித் தண்ணீர்தான். யாரும் வெளியே சொல்லவில்லை. எல்லாரும் அதைக் கம்பெனி வித்து என்றே நினைத்தோம். நானும்தான். பட்டைக்குழித் தண்ணீர் விஷயத்தை நான் சலோமியிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் வருடக் கடைசியில் என் கிணற்றிலும் மற்ற பாத்திக் கிணறுகளிலும் எண் குடிநீர் அளவுக்குக் கீழே இறங்கியது. கிணற்றை எட்டிப் பார்த்தால் அடிக்கல் தெரிந்தது. சலோமி ஒரு சொம்பு மொண்டு வெயிலில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். குடிக்கவில்லை. பக்கத்திலிருந்த முருங்கைப் போத்துக்கு ஊற்றினாள்.

பட்டா வரவில்லை. கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. நிலம் சுத்தமானது பற்றி மகிழ்ச்சி. ஆனால் மூலவித்து இன்னும் தொட்டியிலும் மண்ணிலும் உயிரோடு இருப்பதால் ஒப்பந்தப்படி வாடகை தொடர்கிறது. வாடகையை நிறுத்த விரும்புவோர் வித்தைக் கொல்லும் மருந்தைத் தொண்ணூற்றாறாயிரம் ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளலாம்.

எங்களுக்கு நியாயமாகப் பட்ட விதி இப்படித் திரும்பிக் கடித்தது. சாகும் என்று நாங்கள் பயந்தோம். சாகாது என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். மண்ணுக்குள் போன கிருமி எப்போது சாகும்? என் பேத்தி காலத்திலும் காலை ஆறு மணிக்கு இருநூற்றுத் தொண்ணூறு ஏறிக்கொண்டிருக்கும்.

பட்டாவுக்கு முன்னால் நிலத்தைச் சரிபார்க்க அரசாங்க ஆய்வுக்கூடத்திலிருந்து டாக்டர் பொற்கொடி வந்திருந்தார். ஒல்லியான அம்மா. தொட்டிச் சேற்றில் முழங்கை வரை கைவிட்டு அள்ளுவார். ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி வந்து கிணற்றுக் கல்லில் உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க தொட்டியில கம்பெனி வித்து இல்லையே."

எனக்குப் புரியவில்லை.

"அவங்க வித்துக்குள்ள ஒரு முத்திரை வெச்சிருக்காங்க. மாட்டுக்குச் சூடு போடற மாதிரி, உயிருக்குள்ளேயே. யாரும் திருடக் கூடாதுன்னு. உங்க தொட்டியில வேலை செய்யறதுல அந்த முத்திரை எதுலயும் இல்ல. குளிர்பெட்டியில இருந்த பழைய குழாய் எல்லாத்தையும் எடுத்துப் பார்த்துட்டேன். உங்க ஏழாம் நாள் குழாய்லயே கம்பெனி வித்து செத்துக் கிடக்குது."

"அப்ப வேலை செஞ்சது எது மேடம்?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். பிறகு அவரைப் பின்கோடிக்கு அழைத்துப்போய்ப் பட்டைக்குழியைக் காட்டினேன். நான்கு பக்கெட் கதையைச் சொன்னேன். அவர் குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்து அந்தக் கறுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருசமா இந்தக் குழியில மஞ்சள் ஊறுது?"

"முப்பது இருக்கும்."

"முப்பது வருசம் குரோமும் உப்பும் பட்டைச் சக்கையும். இதுல தாக்குப்பிடிச்சு ஒரு உயிர் வளந்திருக்குன்னா அதுக்கு இதுதான் சொந்த ஊரு. கம்பெனிக்காரங்க நல்ல தண்ணியில வளத்துக் கொண்டாந்தாங்க. இந்த உப்பு அதுக்கு ஒத்துக்கல. இது குழியில தீனியில்லாம அரைப்பட்டினியா இருந்திருக்கு. நீங்க தொட்டிக்குக் கொண்டுபோய்க் கரும்புப் பாகு ஊத்தினீங்க." அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "நான் இதை அறிக்கையில எழுதணும். குழாயை மாத்திட்டேன்னு கம்பெனி சொல்லும். இந்தக் குழியிலேர்ந்துதான் வந்துதுன்னு நீங்க நாலு பேர் முன்னால சொன்னா, ரெண்டு மாதிரியையும் பக்கத்துல வெச்சு நிரூபிச்சிடுவேன். நாற்பத்தொரு பேர் கடனும் போயிடும்."

"சொன்னா ஒன்பதாவது விதில என் பாத்தி பூடும் மேடம்."

வியாழக்கிழமை கூட்டம் இருக்கிறது, அதற்குள் யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

தொட்டியில் முத்திரை இல்லை என்ற ஆய்வு முடிவின் நகல் அதற்குள் கம்பெனிக்கும் போயிருக்கிறது. மறுநாள் காலையிலேயே பிரசன்னா வந்துவிட்டான். முகம் வாடியிருந்தது. ஒரு தாளை நீட்டினான்.

"மேல இருந்து குடுத்தனுப்பினாங்கண்ணா. உங்க தொட்டியில இருக்கிறது எங்க வித்து கிட்ட இருந்துதான் மாறி வந்துதுன்னு ஒரு கையெழுத்து. அது கம்பெனிச் சொத்துன்னு. போட்டீங்கன்னா உங்க பாக்கி மொத்தமும் தள்ளுபடி. பட்டா இந்த வாரமே கைக்கு வந்துரும்."

"மத்தவங்க?"

அவன் காலால் மண்ணைக் கிளறினான். "அவங்களுக்கு வாடகை தொடருமுங்க. இன்னும் நாலு மாவட்டத்துல இதே மாதிரி நிலம் இருக்குதுங்க. அங்கயும் இதைத்தான் விடப் போறாங்க."

"வாடகைக்கு."

"வாடகைக்குத்தானுங்க."

படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்தேன். ஒரே பக்கம். இரண்டு நாள் படித்தேன். சலோமி கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"போடு."

"நாப்பது வூடு கீது சலோமி."

"நாப்பது வூடும் வந்து நமக்குக் கஞ்சி ஊத்துச்சா? இருபத்திரண்டு வருசம் ஷாப்புக்கு ஒழச்ச. இன்னா குடுத்தான் உனக்கு? மூக்குல ஒரு ஓட்ட. இப்ப ஒருத்தன் அறுபது சென்ட் மண்ணு தரேன்றான். நீ இன்னாத்துக்கு ரோசன பண்ற? பேனா வேணும்னா சொல்லு, எடுத்தாறேன்."

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. பேனாவை அவளே எடுத்து வந்து தாளின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அது அங்கேயே கிடந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் கூட்டம். நாற்பத்தொரு குடும்பமும் வந்திருந்தது. ஒரு பக்கம் பொற்கொடி. ஒரு பக்கம் பிரசன்னா, அவன் மேசையில் கணக்குப் புத்தகம், முத்திரை, ரசீதுக் கட்டு. அவன் நோட்டீஸை வாசித்தான். முடித்துவிட்டுத் தயங்கி, இன்னொன்றையும் வாசித்தான். வித்தைப் பாத்திக்குப் பாத்தி பரிமாறியதாகக் கம்பெனிக்குத் தகவல் வந்திருக்கிறது. முதலில் பரிமாறியவர் யார் என்று தெரிந்தால் அவர் மீது திருட்டு வழக்கு போடப்படும்.

சலோமி என் கையைப் பிடித்து அழுத்தினாள். கையெழுத்துப் போடு என்பது அதற்கு அர்த்தம்.

ரமீஜா எழுந்தாள்.

"நான்தான் தம்பி. நான்தான் திருடனேன். ண்ணன் வேலைக்குப் போனப்ப வரப்பு தாண்டிப் போய் ஒரு பக்கெட் மொண்டுகினு வந்தேன். அவருக்குத் தெரியாது. எழுதிக்கோ. ரமீஜா, க/பெ அன்சர் பாய், இருபத்தெட்டாம் பாத்தி."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, கோர்ட்டில் நிற்பவள் மாதிரி நின்றாள். பிரசன்னா பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தான்.

என் கையிலிருந்து சலோமியின் பிடி தளர்ந்தது. அவளும் ரமீஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முதுகில் இரண்டு விரலால் தள்ளினாள்.

"ஏந்திரி. அவ பொய் சொல்றா பாரு. ஏந்திரிச்சு நெசத்தச் சொல்லு."

எழுந்தேன். நான் மேடையில் பேசியவன் இல்லை. ஷாப்பில் வேலை சொல்வது மாதிரிதான் சொல்ல வந்தது. எந்தக் குழி, எத்தனை பக்கெட், எந்த நாள். ரமீஜா கேட்டாள், நான் என் கையால் மொண்டு கொடுத்தேன். தாளைப் பையிலிருந்து எடுத்து, இதில் எனக்கு மட்டும் தள்ளுபடி எழுதியிருக்கிறது என்று மேசையில் வைத்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

ரமீஜா வரிசை தாண்டிக் கத்தினாள். "குழித் தண்ணியா? அந்த நாத்தம் புடிச்ச தண்ணியவா மூணு வருசமா எங்க தொட்டில ஊத்தவெச்ச? கைய மோந்து பாத்தா ரம்ஜான் பிரியாணிகூட எறங்கலையே, இதாலதானா?"

முதலில் யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது.

பொற்கொடி எழுந்து இரண்டு தாள்களைப் பிரசன்னா முன்னால் வைத்தார். "இது பட்டைக்குழி மாதிரி. முந்தாநாளே எடுத்து வெச்சேன், ஐயா பேசினாத்தான் காட்டணும்னு. இது நாற்பத்தொரு தொட்டி. ரெண்டும் ஒரே உயிர். உங்க வித்தோட சொந்தக்காரங்ககூட இல்ல. உங்க கம்பெனி இதுக்கு வாடகை கேக்கவோ திருட்டு வழக்கு போடவோ முடியாது தம்பி. இது யார் சொத்தும் இல்லன்னு அரசாங்கப் பதிவேட்டுல எழுதக் கொடுத்துடறேன்."

பிரசன்னா இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் படித்தான். யாருக்கோ போன் செய்தான். மறுமுனையில் சத்தம் போடுவது முன்வரிசை வரைக்கும் கேட்டது. அவன் "சரிங்க சார், சரிங்க சார்" என்று இருந்துவிட்டு வைத்தான்.

"வாடகை வித்து உயிரோட இருந்த நாளுக்கு மட்டும்னுதான் இருக்குதுங்க. அது செத்த தேதி ஆய்வுக்கூடக் குழாய்ல இருக்கு. அந்தத் தேதியோட கணக்கை முடிச்சிடறேன்." என் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியது. "ஆனா இருபத்தேழாம் பாத்தியில ஒன்பதாவது விதி வருதுங்கண்ணா. முடிக்கிற படிவத்துல 'இறப்புக்குக் காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. வேற தண்ணின்னு எழுதினா பாத்தி கம்பெனிக்குப் போயிரும். அப்படித்தான் எழுதச் சொல்றாங்க."

அவன் பொற்கொடியைப் பார்த்தான்.

"மேடம், மத்த நாப்பது பாத்தியில வித்து எத்தனை நாள் இருந்துதுங்க?"

"முப்பதிலேர்ந்து அம்பது நாள். எல்லாமே செத்துடுச்சு."

"அவங்க யாரும் குழித் தண்ணி கலக்கலையே. லாரித் தண்ணிதானே?"

"லாரித் தண்ணிதான். மண்ணுல இருக்கிற உப்புதான் கொன்னிருக்கு."

"இவரு தொட்டியிலயும்?"

"குழித் தண்ணியிலயும் உப்புதான்."

பிரசன்னா கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினான். பெரிதாக எழுதினான், என்னால் தலைகீழாகவே படிக்க முடிந்தது. உப்பு.

"வேலை போனா எனக்கும் ஒரு பாத்தி பாத்து வைங்கண்ணா" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினான்.

பிறகு ஒவ்வொருவராகக் கணக்கு. ரமீஜாவின் வித்து நாற்பத்துமூன்று நாள் இருந்திருக்கிறது. பன்னிரண்டாயிரத்து நானூற்று எழுபது. அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"இது நல்லா கீதே! எழுதி குடுத்தபடி ஒழுங்கா நடந்தவளுக்கு பன்னெண்டாயிரம். திருட்டுத் தண்ணி ஊத்துனவருக்கு ரெண்டாயிரமா? தம்பி, எனக்கும் ஏழு நாள்னு போடு, நானும் எதனா தப்பு பண்ணிட்டு வரேன்."

மூன்று லட்சத்துக்குப் பதில் பன்னிரண்டாயிரம் என்ற சந்தோஷத்தில்தான் கத்தினாள். மாதம் ஆயிரமாகக் கட்ட எழுதி வாங்கிக்கொண்டாள்.

என் முறை வந்தது. ஏழு நாள். இரண்டாயிரத்து முப்பது ரூபாய். எண்ணி வைத்தேன். பிரசன்னா ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தான். பட்டா உறையையும் அதோடு நீட்டினான். உறையை சலோமி வாங்கிக்கொண்டாள். பிரிக்கவில்லை. முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கூடத்தை விட்டு வெளியே வந்து பாதி தூரம் நடந்தோம். பிறகு அவள் கேட்டாள்.

"அந்த ரெண்டாயிரத்துக்கும் தள்ளுபடி கேட்டிருக்கலாமே. செத்துப்போன கிருமிக்கு இன்னாத்துக்குக் கட்ன?"

ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் தோல் இறக்கியபோது ஒருவன் வாரத்தின் நடுவில் செத்துப்போனான். தானியேல் என்று பெயர். சனிக்கிழமை சம்பளத்துக்கு அவன் மனைவி வந்து வரிசையில் நின்றாள். வாரம் முடியவில்லை, கணக்கில் வராது என்று திருப்பி அனுப்பினார்கள். நான் அவளுக்குப் பின்னால் மூன்றாம் ஆளாக நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"ஏழு நாள் வேலை செஞ்சுதே" என்றேன்.

அவள் ரசீதைக் கேட்டு வாங்கி என்னிடமே திருப்பிக் கொடுத்து, படி என்றாள். நடுரோட்டில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெறப்பட்டது இரண்டாயிரத்து முப்பது. பாக்கி ஏதுமில்லை.